வைரத்தோடு வாங்கப் போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எங்கள் சொந்தத்தில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே எனக்கு ஃபோன் வந்துவிடும்: "வைரத்தோடு எடுக்கணும், கூட வர்றியா?" நான் நகைக்கடைக்காரி இல்லை. சித்தி, நாத்தனார், அவர்கள் பெண்கள் என்று ஒவ்வொருவருடனும் இருபது வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கியதில் சேர்ந்த அனுபவம்தான். கேள்விகள் என்னவோ அதேதான். ஒவ்வொரு முறையும் ஃபோனில் சொல்லித் தொண்டை வறண்டதால், இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதல் முறை வைரம் வாங்குகிறேன். ஏழுகல்லா, ஒற்றைக்கல்லா?

ஏழு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நடுவில் வைத்து மற்ற ஆறையும் சுற்றி அடுக்குங்கள். இடைவெளி இல்லாமல், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கச்சிதமாக உட்காரும். சுற்றிலும் ஐந்து வைத்தால் இடைவெளி விழும், சுற்றிலும் ஏழு வைத்தால் இடம் போதாது. ஏழுகல் தோடு அத்தனை தலைமுறையாக மாறாமல் இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரே அளவு கல் ஏழு இருந்தால் போதும், தோடு தானாகவே பூவாகிவிடும்.

விலையும் இங்கேதான் சேர்ந்து வருகிறது. பத்து சென்ட் கல், அதாவது ஒரு காரட்டில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள கல், சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். மூன்று வரிசையாக நின்றால் 9 மில்லிமீட்டர், தங்க விளிம்போடு சேர்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பூ விரிந்துவிடும். ஜோடிக்குப் பதினான்கு கல், மொத்தம் 1.40 காரட். அதே 9 மில்லிமீட்டர் அகலத்தில் ஒற்றைக்கல் வேண்டுமென்றால் ஒரு காதுக்கே இரண்டரை காரட்டுக்கு மேல் போகும். கல் பெரிதாக ஆக ஒரு காரட்டின் விலையே ஏறும் என்பதால், அது நம்மைப் போன்றவர்கள் பேசும் கணக்கே இல்லை.

சரி, எதை எடுப்பது? எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது புடவை கட்டுகிறவர், கோயில் விசேஷம் என்று போய்வருகிறவர் என்றால் ஏழுகல். குர்தி, ஜீன்ஸ், ஆபீஸ் பேட்ஜ் என்று ஓடுகிறவர் என்றால் ஒரு காதுக்கு 15 முதல் 25 சென்ட் வரை ஒற்றைக்கல். ஏழுகல்லை ஜீன்ஸுக்குப் போடக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. என் நாத்தனார் பெண் அப்படித்தான் போடுகிறாள், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் பட்டுப்புடவை, அட்டிகை, தலை நிறையப் பூ என்று நிற்கும்போது சின்ன ஒற்றைக்கல் காணாமல் போய்விடும். அதற்கு மாற்று கிடையாது.

எத்தனை சென்ட் இருந்தால் கண்ணுக்குத் தெரியும்?

100 சென்ட் ஒரு காரட், ஒரு காரட் 0.2 கிராம். வட்டக் கல்லுக்கு அகலம் ஏறக்குறைய இப்படி வரும்: 5 சென்ட் என்றால் 2.4 மி.மீ., 10 சென்ட் 3, 25 சென்ட் 4.1, 50 சென்ட் 5.2, 100 சென்ட் 6.5. எடை இரண்டு மடங்கானால் அகலம் இரண்டு மடங்காவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? அரை காரட்டிலிருந்து ஒரு காரட்டுக்குப் போனால் கூடுவது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே. விலையோ இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். 50 என்று பிடிவாதம் பிடிக்காமல் 46, 47 சென்ட் ஜோடி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். காதில் வித்தியாசம் தெரியாது, பில்லில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. "ப்ரஷர் செட்டிங்" என்று ஒன்று காட்டுவார்கள். ஏழெட்டு பொடிக்கற்களை நெருக்கி வைத்து, இரண்டடி தள்ளி நின்றால் ஒற்றைப் பெரிய கல் போலத் தெரியும்படி செய்திருப்பார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், விலைக்கு நல்ல தோற்றம். ஆனால் ஒற்றைக்கல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். விற்கும்போது பொடிக்கல் விலைதான்.

கடையில் அப்படி மின்னியது, வீட்டுக்கு வந்ததும் சோர்ந்துவிட்டதே?

கல் மாறவில்லை, விளக்குதான் மாறியது. கடைக் கூரையில் ஐம்பது அறுபது சின்னச் சின்ன ஸ்பாட் லைட் இருக்கும். வைரத்துக்கு அப்படிப் புள்ளி புள்ளியான வெளிச்சம் கிடைத்தால் சிவப்பும் நீலமுமாகத் தெறிக்கும். ஆபீஸ் பேனல் லைட் போல எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் வெளிச்சத்தில் அந்த நிறத்தெறிப்பு அடங்கி, கல் வெறும் வெள்ளையாக நிற்கும். நன்றாக வெட்டிய கல் அப்போதும் வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பி உயிரோடு இருக்கும். மோசமாக வெட்டியது நடுவில் கறுத்துவிடும்.

அதனால் கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். தட்டோடு வாசல் பக்கம் போய் நிழலில் நின்று பாருங்கள். "ஒருத்தரைக் கூட அனுப்புங்க" என்றால் தாராளமாக அனுப்புவார்கள். அடுத்து, கடைக்குள்ளேயே மேஜைக்குக் கீழே, உங்கள் மடியில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் எந்தக் கல் விழித்திருக்கிறதோ அதுதான் நல்ல கட்.

வைரத்தோடு கோயில் சந்நிதியில் ஏன் அப்படி ஜொலிக்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. இருட்டுக் கருவறை, நாலைந்து எண்ணெய் விளக்கு. வைரத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. விடியற்கால முகூர்த்தத்தில் ஹோமத் தீக்கு முன்னால் உட்கார்ந்த பெண்ணின் தோடும் அப்படித்தான்.

கல்யாணம், ரிசப்ஷன், ஆபீஸ், பயணம்: எதற்கு எது?

முகூர்த்தத்துக்கு ஏழுகல்லும் அதன் கீழே தொங்கும் வைர ஜிமிக்கியும் சேர்ந்தால் நிறைவாக இருக்கும். ஜிமிக்கி கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். கல்யாணத்துக்கு மறுநாளே தோட்டை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். சேர்த்தே பற்றவைத்த ஜோடி பெட்டியில்தான் தூங்கும்.

ரிசப்ஷனுக்குத் தலையை விரித்துவிடுகிறார்கள், கழுத்திலும் மெல்லிய நகைதான். அங்கே நீளமான தொங்கல் எடுபடும். கூந்தலுக்குள் மறைந்துபோகிற தோடு போட்டு என்ன பயன்? ஒன்று கவனியுங்கள்: கழுத்தில் பெரிய வைர நெக்லஸ் இருந்தால் காதில் தொங்கல் வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஃபோட்டோவில் கண்ணுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது.

ஆபீஸுக்குப் பின்பக்கம் தட்டையான, காதோடு ஒட்டிய கல். ஹெட்செட் போடுகிறவர்கள் அதையும் கையோடு கடைக்கு எடுத்துப் போய், தோட்டைப் போட்டு மேலே ஹெட்செட்டை வைத்துப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் தொங்கலை மறந்துவிடலாம். ரயில், பஸ் பயணத்துக்கு வைரம் வேண்டாம். அவ்வளவுதான்.

வட்ட முகத்துக்கு இது, நீள முகத்துக்கு அது என்கிறார்களே?

அந்த அட்டவணைகளை நான் நம்புவதில்லை. முகத்தைவிடக் காது மடல்தான் தீர்மானிக்கிறது. மடல் சின்னதாக இருந்தால் பெரிய ஏழுகல் மடலைத் தாண்டி வெளியே நீட்டி, பொட்டு ஒட்டியது போல இருக்கும். காதுகுத்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் கனமான தோடு முன்பக்கம் கவிழ்ந்து, கல் எல்லாம் தரையைப் பார்க்கும். எதிரில் நிற்பவருக்குத் தங்கம்தான் தெரியும், வைரம் தெரியாது. கண்ணாடி முன் நேராகப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கூட வந்தவரைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். கவிழ்கிறதா என்று அதில் உடனே தெரியும்.

கழுத்து குட்டையானவர்கள் தோளைத் தொடும் தொங்கலைத் தவிர்ப்பது நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பாருங்கள். வேறு விதி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

பாட்டியின் தோடு எனக்கு வந்திருக்கிறது. காதில் நுழையவே இல்லை!

அதிகம் வரும் கேள்வி இதுதான். பழைய தோட்டின் பின்னால் தடிமனான குழல் இருக்கும், அதற்குச் சுரை என்று பெயர். அதற்குள் திருகாணி போய் உட்காரும். அந்தக் காலத்தில் காதுகுத்தே சுரைக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கப்பட்டிருந்தது. இப்போது நமக்குக் குத்துவது மெல்லிய கம்பிக்கு. கடையில் "பாம்பே திருகு" என்பார்கள்: மெல்லிய மரைக்கம்பி, பின்னால் ஒரு சின்னத் திருகு.

எண்ணெய் தடவி அழுத்தி நுழைக்கிற வேலை மட்டும் வேண்டாம். என் தங்கை செய்தாள், மூன்று நாள் காது வீங்கியது. ஆசாரியிடம் கொடுத்தால் சுரையை எடுத்துவிட்டு மெல்லிய கம்பி வைத்துக் கொடுப்பார். ஆனால் பெரிய தோட்டுக்கு மெல்லிய கம்பி வைத்தால் அது இன்னும் கவிழும். பின்னால் அகலமான வட்டத் திருகு கேட்டு வாங்குங்கள், மடலைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும். கொடுக்கும் முன் தோட்டை முன்னும் பின்னும் படம் எடுங்கள். கற்களை எண்ணி, எடை போட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் பக்கத்திலேயே உட்காருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பழைய மாமிகள் எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னால் மூடிய செட்டிங் நல்லதா, ஓப்பன் நல்லதா?

வைரத்துக்கு எண்ணெய்ப் பசையை இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு. கல்லின் அடிப்பக்கத்தில் எண்ணெய் படிந்தால், மேலே திரும்ப வேண்டிய வெளிச்சம் அடிவழியே கசிந்துவிடும். கல் மங்கும். வாராவாரம் எண்ணெய் தேய்த்துக் குளித்த வீடுகளில் அடிப்பக்கத்தைத் தங்கத்தால் மூடி வைத்தது புத்திசாலித்தனம்தான். மூடிய தோட்டில் தங்கச் சுவரே கல்லைச் சுற்றிப் பிடிப்பதால் மிருதுவான 22 காரட் தங்கத்திலும் செய்ய முடிந்தது.

குறை இரண்டு. ஒன்று, மூடியதற்குள் ஒருமுறை சோப்பு நீர் புகுந்துவிட்டால் வெளியே வராது. பிரித்துத்தான் கட்ட வேண்டும். இரண்டு, கல்லின் பின்பக்கத்தை நீங்கள் பார்க்கவே முடியாது. எங்கள் வீட்டுப் பழைய ஜோடி ஒன்றைப் பிரித்தபோது ஏழில் இரண்டு கல் ஓரம் உடைந்தும் மஞ்சளாகவும் இருந்தன. ஐம்பது வருடம் யாருக்கும் தெரியாது. புதிதாக வாங்குவதென்றால் நான் ஓப்பன்தான் எடுப்பேன், அதுவும் 18 காரட்டில். ஓப்பனில் கல்லைப் பிடித்திருப்பது மெல்லிய கொக்கிகள்தான், 22-இல் செய்தால் அவை வளைந்து கல் விழும்.

"ப்ளூ ஜாகர்தான் வேணும்" என்று மாமியார் சொல்கிறார். அது என்ன?

தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபொன்டைன் (Jagersfontein) என்று ஒரு சுரங்கம். அங்கே கிடைத்த நீலம் கலந்த வெள்ளைக் கற்களுக்கு வியாபாரத்தில் வந்த பெயர் அது. சுரங்க வேலை நின்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. பெயர் மட்டும் நம் ஊர் சமையலறைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது! இன்றைக்கு ஒரு கடைக்காரர் ப்ளூ ஜாகர் என்றால் "நல்ல வெள்ளைக் கல்" என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு, "கலர் என்ன எழுத்து?" என்று கேளுங்கள். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது என் அனுபவத்துக்கு அப்பாற்பட்டது.

அந்த எழுத்துகளில் எதை எடுப்பது?

நிறம் டி-யில் தொடங்கி இசட் வரை. டி, இ, எஃப் நிறமே இல்லாதவை. ஜி, எச் கிட்டத்தட்ட அதேபோல. அடுத்து மஞ்சள் மெல்லத் தலைகாட்டும். மஞ்சள் தங்கத்தில் கட்டுவதென்றால் ஜி, எச் தாராளம். வெள்ளைத் தங்கத்தில் கட்டினால் மஞ்சள் காட்டிக்கொடுத்துவிடும், ஒரு படி மேலே போங்கள். வெள்ளைத் தங்கத்தின் மேல்பூச்சு சில வருடங்களில் தேயும், மறுபடி பூச வேண்டும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கோடுகளுக்கு, குறைவிலிருந்து அதிகமாக, வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று படிகள். இவற்றைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். பத்து சென்ட் கல்லில் வி.வி.எஸ்.-ஐயும் வி.எஸ்.-ஐயும் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஏழுகல்லில் அதைவிட முக்கியம் ஏழும் ஒத்துப்போவது. தோட்டைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். ஒன்று மட்டும் மங்கலாகவோ மஞ்சளாகவோ தனித்துத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

வைரத்துக்கு தோஷம் உண்டா? மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமா?

காகபாதம், கரும்புள்ளி, சிவப்புப் புள்ளி என்று பெரியவர்கள் சொல்கிற பலவும் கல்லுக்குள் இருக்கும் கனிமத் துகள்களும் விரிசல்களும்தான். எனக்கு தோஷத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கறுப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரிகிற கல்லை வேண்டாம் என்று சொல்லும் பாட்டி நல்ல வாடிக்கையாளர். கடையில் கேட்டால் சிலர் மூன்று நாள் கொடுக்கவும் செய்கிறார்கள். கொடுத்தால் வாங்கி வாருங்கள், வீட்டு வெளிச்சத்தில் பார்த்த மாதிரியும் ஆச்சு, பாட்டி மனசும் குளிர்ந்த மாதிரி ஆச்சு.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

தங்கத்தின் எடையையும் கல்லின் எடையையும் தனித்தனியாக. ஜோடியின் மொத்த எடை 6.280 கிராம், கல் 1.40 காரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.40 காரட் என்பது 0.280 கிராம். ஆக தங்கம் 6.000 கிராம். 6.280-க்கும் தங்க விலை போட்டிருந்தால் கல்லுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறீர்கள். மொத்தத் தொகைக்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். சேதாரம், செய்கூலியில் பேரம் பேசலாம், பேசுங்கள்.

ஹால்மார்க்கும், ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற நகையின் தனி அடையாள எண்ணும் தங்கத்துக்குத்தான், வைரத்துக்கு இல்லை. ஹால்மார்க் கொடுக்கும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். 18 காரட்டுக்கு 750, 22-க்கு 916 என்று இருக்கும். இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்பதால் சின்ன ஒற்றைக்கல்லில் இல்லாமலும் போகலாம். வைரத்துக்குத் தனிச் சான்றிதழ் கேளுங்கள். திரும்ப எடுத்தால் கல்லுக்கு எத்தனை சதவீதம், பணமா மாற்று நகையா என்பதை வாயால் சொன்னால் போதாது, பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

லேப் வைரம் வாங்கலாமா?

ஆய்வகத்தில் வளர்த்தது என்றாலும் அதுவும் வைரம்தான். அதே கார்பன், அதே கடினம், கண்ணால் வேறுபாடு சொல்ல முடியாது. கடையில் தொட்டுப் பார்க்கிற சின்ன டெஸ்டர் கருவியும் "வைரம்" என்றுதான் காட்டும். விலை மிகவும் குறைவு. திரும்ப விற்றால் கிடைப்பதும் சொற்பம், சில கடைகள் எடுப்பதே இல்லை. ரிசப்ஷனுக்குப் பெரிய ஒற்றைக்கல் ஆசை என்றால் லேப் வைரம் நல்ல வழி. பெண்ணுக்குச் சீராக, நாளைக்கு அவசரத்துக்கு உதவும் என்று நினைத்து வாங்குவதென்றால் வேண்டாம்.

அமெரிக்கன் டைமண்ட் என்பது வைரமே இல்லை, ஜிர்கோனியா என்ற செயற்கைக் கல். மாய்சனைட்டும் வேறு கல்தான். கல் சூட்டைக் கடத்துவதை மட்டும் அளக்கும் டெஸ்டரை மாய்சனைட் ஏமாற்றிவிடும், கவனம்.

மாப்பிள்ளைக்கு?

வைரக் கடுக்கன் நம் ஊர் வழக்கம்தான், புதிய ஃபேஷன் இல்லை. 10 முதல் 20 சென்ட், தங்க விளிம்புக்குள் பதித்தது. காது குத்தச் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் காது ஓட்டை நீண்டு தொங்கிவிட்டது.

கனமான தோட்டை நிறுத்துங்கள். ஜிமிக்கி போட்டே ஆக வேண்டுமென்றால் மாட்டலைப் போட்டு எடையைத் தலைமுடிக்கு மாற்றுங்கள். கிழிகிற நிலையில் இருந்தால் தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரிடமோ தைத்துக்கொள்ளலாம், சின்ன வேலைதான். மறுபடி எப்போது குத்தலாம் என்று அவரே சொல்வார்.

எப்படிச் சுத்தம் செய்வது?

ஓப்பன் செட்டிங் என்றால் பூந்திக்கொட்டை நீரிலோ, பாத்திர சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரிலோ பத்து நிமிடம் ஊறவைத்து, குழந்தைகள் பல் தேய்க்கும் மெல்லிய ப்ரஷால் பின்பக்கத்தைத் தேயுங்கள். அழுக்கு இருப்பது பின்னால்தான். டூத்பேஸ்ட் தங்கத்தைக் கீறும், ப்ளீச் பக்கமே போகாதீர்கள். கிண்ணத்தில் செய்யுங்கள், சிங்க்கில் வேண்டாம். மூடிய தோட்டை நீரில் போடவே கூடாது, ஈரத்துணியால் மேலே துடைத்தால் போதும். இரண்டு ஜோடியை ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், வைரம் வைரத்தைக் கீறும்.

தொலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தோடு தானாக விழுவதில்லை, திருகு கழன்றுதான் விழுகிறது. காலையில் முகம் கழுவும்போது இரண்டு பக்கமும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். மரை தேய்ந்து வழுக்கினால் அன்றைக்கே மாற்றுங்கள். நூல் சுற்றிச் சமாளிக்காதீர்கள். நான் சமாளித்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது இடது காது லேசாக இருப்பது போலத் தோன்றியது, தொட்டால் தோடு இல்லை. பரிமாறுகிறவர்களை நிறுத்தி, இலைகளைத் தூக்கி, மேஜைக்கு அடியில் தவழ்ந்து எட்டு பேர் தேடினோம். அரை மணி நேரம் கழித்து என் புடவை மடிப்பிலிருந்து தோடு கிடைத்தது. திருகு கிடைக்கவே இல்லை. அன்று மாலை வரை அந்தத் தோட்டைக் கைக்குட்டையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டுதான் இருந்தேன்.